பாயிரத்தில் விடுபட்ட வழி: குயின் குழுவின் 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' பாடலில் கடனும் ஆக்கமும்

ஆய்வுச்சுருக்கம்

இங்கிலாந்தின் குயின் இசைக்குழு 1980இல் வெளியிட்ட 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' என்னும் பாடல், ஃபங்க், டிஸ்கோ ஆகிய அமெரிக்கக் கறுப்பினத்தாரின் இசைவகைகளிலிருந்து தன் அடிப்படையைப் பெற்றது. குறிப்பாக, நியூயார்க்கின் சிக் குழு 1979இல் வெளியிட்ட 'குட் டைம்ஸ்' பாடலின் பேஸ் கிதார் வரிக்கும் இதற்கும் உள்ள உறவு பலராலும் சுட்டப்பட்டுள்ளது. அந்த உறவைத் திருட்டு என்றோ தற்செயல் என்றோ கூறி முடிப்பதே பெருவழக்கு. இவ்விரண்டும் பாடலை விளக்கப் போதுமானவை அல்ல என்பது இக்கட்டுரையின் கருத்து. தமிழ் இலக்கண மரபில் உள்ள முதல்நூல், வழிநூல் என்னும் பாகுபாட்டையும், சிறப்புப் பாயிரம் 'வழி' கூற வேண்டும் என்னும் நெறியையும் கருவிகளாகக் கொண்டு இப்பாடலின் இசையமைப்பு, சொல்லமைப்பு, வரவேற்பு ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: குயின், சிக், ஃபங்க், டிஸ்கோ, பேஸ் கிதார், வழிநூல், பாயிரம், இசைத் திறனாய்வு

முன்னுரை

வெகுசன இசை குறித்த திறனாய்வு தமிழில் பெரும்பாலும் பாடல் வரிகளைப் பற்றியதாகவே அமைந்துள்ளது. ஒலியின் அமைப்பு, பதிவுக்கூடத்தின் பங்கு, ஓர் இசைத்துணுக்கு ஒருவரிடமிருந்து மற்றொருவரிடம் செல்லும் முறை ஆகியவை குறைவாகவே பேசப்படுகின்றன. எடுத்துக்கொண்ட பாடல் இக்குறையை உணர்த்துவதற்கு ஏற்றது. இதன் வரிகளை மட்டும் படிப்பவருக்கு இது ஒரு சாதாரணத் துப்பாக்கிச் சண்டைப் பாட்டாகவே தோன்றும். பாடலைக் கேட்பவரோ முதல் சில நொடிகளிலேயே, கிதாரின் மூன்று அழுத்தமான ஒலிகளால் ஈர்க்கப்படுகிறார். பாடலின் பொருளில் பெரும்பங்கு அந்த மூன்று ஒலிகளிலும் அவற்றை அடுத்து வரும் மௌனத்திலும் அடங்கியிருக்கிறது.

அந்த மூன்று ஒலிகள் யாருடையவை என்ற வினாவும் அங்கேயே எழுகிறது. இவ்வினாவுக்கு 1980இல் மேலை இசை இதழ்களில் சில அளித்த விடை உண்மைக்கு நேர்மாறாக இருந்தது. அவ்வாறு நேர்ந்தது ஏன் என்பதை அறியப் பாடலின் சூழலையும் அமைப்பையும் முதலில் காண வேண்டும்.

பாடல் பிறந்த சூழல்

குயின் குழு 1970இல் இலண்டனில் உருவானது. ஃப்ரெடி மெர்க்குரி, பிரையன் மே, ராஜர் டெய்லர் ஆகியோருடன் பேஸ் கிதார் கலைஞரான ஜான் டீக்கன் 1971இல் இணைந்தார். குழுவின் புகழ் ஒலியைக் குவித்துப் பெருக்கும் முறையால் வந்தது. 1975இல் வெளிவந்த 'பொஹீமியன் ராப்சடி' அம்முறையின் உச்சம். குரலின் மேல் குரலாகப் பல அடுக்குகள் பதியப்பெற்று ஒரு பெருங்கூட்டம் பாடுவது போன்ற தோற்றம் அதில் உருவாக்கப்பட்டது. மே தம் கிதாரையும் அவ்வாறே பல அடுக்குகளாகப் பதிந்து வந்தார்.

டீக்கன் இவ்வழக்கிலிருந்து சற்று விலகியவர். இளமையிலேயே அமெரிக்கச் சோல் இசையில் ஈடுபாடு கொண்டவர். குழுவில் மிகக் குறைவாகப் பேசுபவர் என அறியப்பட்டவர். 'யூ ஆர் மை பெஸ்ட் ஃபிரெண்ட்' போன்ற சில பாடல்களை அவர் ஏற்கெனவே இயற்றியிருந்தார். 1980இல் வெளிவந்த 'த கேம்' என்னும் இசைத்தொகுப்புக்காக அவர் கொண்டுவந்த பாடலே நம் ஆய்வுக்குரியது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் இருந்த மியூசிக்லேண்ட் பதிவுக்கூடத்தில், ரைன்ஹோல்ட் மாக் என்பவரின் தயாரிப்பு உதவியுடன் இது பதியப்பட்டது.

பதிவின்போது குழுவினரிடையே உடன்பாடு இருக்கவில்லை. அக்காலத்தில் குழு பெரிய, எதிரொலி நிறைந்த முரசொலியை நாடிக்கொண்டிருந்ததாகவும், டீக்கனோ இறுக்கமான, எதிரொலியற்ற ஒலியை வேண்டியதாகவும் மே பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். டெய்லர் அரைமனத்துடனேயே அதற்கு இசைந்தார். அவர் வாசித்த சிறு தாளப்பகுதி ஒலிநாடாவில் வெட்டி ஒட்டப்பட்டுச் சுற்றாக ஓடவிடப்பட்டது. பேஸ் கிதார், தாளக் கிதார், பியானோ, கைத்தட்டல் என எஞ்சியவற்றுள் பெரும்பகுதியை டீக்கனே வாசித்தார். மேயின் பங்கு சில கிதார் ஒலிவிளைவுகளோடு நின்றது. பாடலில் ஆங்காங்கே கேட்கும் விந்தையான இரைச்சல்கள் பியானோவையும் கிதாரையும் முரசையும் பதிந்து, நாடாவைப் பின்னோக்கியும் வேறு வேகங்களிலும் ஓட்டிப் பெறப்பட்டவை. சிந்தசைசர் கருவியைக் குயின் முதன்முதலாகக் கையாண்ட தொகுப்பு 'த கேம்'. ஆயினும் இப்பாடலில் அக்கருவி இல்லை.

இதனைச் சிங்கிள் இசைத்தட்டாக வெளியிடும் எண்ணம் குழுவுக்குத் தொடக்கத்தில் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் நிகழ்ச்சியொன்றின்பின் மேடைக்குப் பின்புறம் சந்தித்த மைக்கேல் ஜாக்சன் வற்புறுத்தியதே வெளியீட்டுக்குக் காரணம் எனக் குழுவினர் கூறியுள்ளனர். 1980 ஆகஸ்டில் வெளியான இசைத்தட்டு, அக்டோபரில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் மூன்று வாரங்கள் முதலிடம் வகித்தது. பிரிட்டனில் 7ஆம் இடத்தை அடைந்தது. அமெரிக்கச் சோல் இசைப் பட்டியலிலும் டிஸ்கோ பட்டியலிலும் 2ஆம் இடம்வரை சென்றது. வெள்ளையரின் ராக் குழு எனக் கருதப்பட்ட ஒன்று கறுப்பின நேயர்களுக்கான பட்டியலில் இவ்வளவு உயர்ந்தது அக்காலத்தில் அரிது.

மௌனத்தின் அமைப்பு

பாடலின் அடிப்படை இரு தாளச் சுற்றுகள் கொண்ட பேஸ் கிதார் வரி. மேலிருந்து விரைந்து இறங்கும் ஒரு சிறு தொடுப்புக்குப் பின், மேலை இசை 'இ' என வழங்கும் சுரம் முதல் மூன்று தட்டுகளில் மும்முறை சம இடைவெளியில் ஒலிக்கிறது. நான்காம் தட்டில் பேஸ் கிதார் வாய் மூடுகிறது. இரண்டாம் சுற்றில் அதே சுரம் துரிதமாக வந்து 'ஜி'யைத் தொட்டு, 'ஏ'யில் முடிகிறது. பின்னர் மீண்டும் மூன்று ஒலிகள், மீண்டும் மௌனம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 110 தட்டுகள் என்னும் காலப்பிரமாணத்தில் பாடல் நகர்கிறது.

இவ்வமைப்பில் நான்காம் தட்டின் மௌனம் வெற்றிடம் அன்று. முதல் மூன்று தட்டுகளும் கேட்பவரிடம் நான்காவதை எதிர்பார்க்கும் மனநிலையை உண்டாக்குகின்றன. அது மறுக்கப்படும்போது கேட்பவரின் உடலே அந்த இடத்தை நிரப்ப முற்படுகிறது. தலை அசைகிறது, கால் தட்டுகிறது. ஃபங்க் இசையின் அடிப்படைக் கோட்பாடு இதுவே எனலாம். ஒலிக்கப்பெறும் சுரங்களுக்கு நிகராக ஒலிக்கப்பெறாதவையும் தாளத்தைச் சுமக்கின்றன.

எதிரொலியற்ற முரசை டீக்கன் வற்புறுத்தியதன் காரணமும் இதனால் விளங்குகிறது. எதிரொலி மிகுந்த முரசு ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட இடத்தைத் தன் ஒலிவாலால் நிரப்பிவிடும். மௌனம் மௌனமாகக் கேட்காது. அடக்கப்பட்ட முரசொலி உடனே நின்றுவிடுவதால் இடைவெளி துலக்கமாகிறது. நாடாச் சுற்று முறையும் இதற்குத் துணைபுரிகிறது. மனிதர் தொடர்ந்து வாசிக்கையில் ஏற்படும் சிறு ஏற்றத்தாழ்வுகள் அகன்று, தாளம் இரக்கமற்ற ஒழுங்கைப் பெறுகிறது. பாடலின் உள்ளடக்கத்துக்கு அவ்வொழுங்கு பொருந்துவதைப் பின்னர்க் காணலாம்.

பாடலின் நடுப்பகுதி இம்முறையை மேலும் ஒரு படி கொண்டுசெல்கிறது. அங்குப் பேஸ் கிதாரே விலக்கப்படுகிறது. முரசும் கைத்தட்டலும் பின்னோக்கி ஓடும் இரைச்சல்களும் மெர்க்குரியின் குரலும் மட்டும் எஞ்சுகின்றன. பாடலைத் தாங்கிய வரியே இல்லாதபோதும் கேட்பவர் அதனைத் தம் மனத்துக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அது திரும்பி வரும்போது ஏற்படும் நிறைவு, அதுவரை காத்திருந்ததற்கான பயன். கூட்டிக்கூட்டிப் புகழ் பெற்ற ஒரு குழு, குறைத்துக் குறைத்து இப்பாடலைச் செய்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

சொல்லும் நடையும்

பாடலின் தலைப்புத் தொடர் ஆங்கிலத்தில் 'வீழ்ந்து இறத்தல்' என்னும் பொருளில் வழங்கும் மரபுத்தொடரைக் கொண்டது. போரில் வீழ்ந்தவர் பல்லால் மண்ணைக் கவ்வும் படிமம் ஹோமரின் இலியத் காவியத்திலேயே உண்டு. தமிழில் 'மண்ணைக் கவ்வுதல்' என்னும் தொடர் ஏறக்குறைய அதே படிமத்தைக் கொண்டிருப்பது வியப்புக்குரியது. ஆயினும் தமிழ்த் தொடரில் தோல்வியும் அவமானமும் முனைப்பாக உள்ளன. ஆங்கிலத் தொடரில் சாவு முனைப்பாக உள்ளது. இப்பாடலின் பொருள் இவ்விரண்டுக்கும் இடையே அசைகிறது என்பதால் இவ்வேறுபாடு பயனுள்ளது.

பாடல் மூன்று பகுதிகளாக வளர்கிறது. முதற்பகுதி படர்க்கையில் அமைகிறது. தொப்பியின் விளிம்பைத் தாழ்த்திக்கொண்டு ஒருவன் தெருவில் எச்சரிக்கையோடு நடக்கிறான். அவனுடைய காலடியோசை தவிர வேறொலி இல்லை என்கிறது பாடல். துப்பாக்கிகள் காத்திருக்கின்றன. இரண்டாம் பகுதியில் குரல் தன்மைக்கு மாறுகிறது. தன்னிடமிருந்த அனைத்தையும் பறித்துக்கொண்டு தன்னைத் துரத்திவிட்ட ஒருவரை நோக்கிப் பாடுபவன் முறையிடுகிறான். இங்குச் சாவு இல்லை. கைவிடப்பட்ட நிலையே உண்டு. மூன்றாம் பகுதி, ஒரு மனிதனை வீழ்த்தும் வழிகளை எண்ணிக்காட்டி, தான் இன்னும் சொந்தக்காலில் நிற்பதாக அறிவிக்கிறது.

இவ்வாறு பார்க்கையில், ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் வரும் தலைப்புத்தொடர் ஒரே பொருளில் வருவதில்லை. முதலில் அது கொலைச்செய்தி. அடுத்து அது உறவிழந்தவனின் நிலை. இறுதியில் அது எதிராளியை நோக்கிய எச்சரிக்கை. சொல் மாறாதிருக்கப் பொருள் மட்டும் மாறுகிறது. இசையிலும் இதற்கு இணையுண்டு. ஒவ்வொரு பகுதியின் பிற்பாதியிலும் சுரக்கூட்டு சிறிது நேரம் ஒளிமிக்க இடத்துக்கு உயர்ந்து, பின்னர் தலைப்புத்தொடருக்காக இருண்ட அடிப்படைக்கே இறங்கிவிடுகிறது. தப்பிக்க இடமிருப்பதாகத் தோன்றி, இல்லையெனத் தெளியும் அசைவு அது.

பாடலின் தொடக்கத்தில் கூறப்படும் காலடியோசையை இசையோடு பொருத்தும்போது ஓர் அரிய இயைபு புலனாகிறது. வேறொலி ஏதுமில்லை எனச் சொல்லப்படும் தெருவில் கேட்பவருக்குக் கேட்பவை பேஸ் கிதாரின் மூன்று தனி ஒலிகள். பின்னர் ஒரு தயக்கம். நடப்பவனின் காலடியே அவ்வரி என்று கொள்ள இடமுண்டு. நான்காம் தட்டின் மௌனம் அப்போது அவன் நின்று செவிகொடுக்கும் கணமாகிறது. நடனத்துக்கு உரியதாகக் கருதப்பட்ட ஓர் இசைக்கூறு இங்கு அச்சத்தின் கூறாகப் பொருள் பெறுகிறது. இப்பாடலின் தனி ஆக்கம் எது என்னும் வினாவுக்கு இதுவே விடையாகும் எனக் கருதுகிறேன்.

'குட் டைம்ஸ்' முதலாதல்

சிக் குழுவின் நைல் ராட்ஜர்ஸ், பெர்னார்ட் எட்வர்ட்ஸ் ஆகிய இருவரும் இணைந்து இயற்றிய 'குட் டைம்ஸ்' 1979ஆம் ஆண்டின் இடைப்பகுதியில் வெளியாகி, ஆகஸ்டில் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தைப் பெற்றது. ராட்ஜர்ஸ் கிதாரையும் டோனி தாம்சன் முரசையும் வாசிக்க, எட்வர்ட்ஸின் பேஸ் கிதார் பாடலை நடத்திச் செல்கிறது. அவ்வரியும் 'இ' சுரத்தை மும்முறை சம இடைவெளியில் ஒலித்தே தொடங்குகிறது. அதன் பின்னும் ஓர் இடைவெளி வருகிறது. காலப்பிரமாணமும் ஏறத்தாழ ஒன்றே. இரு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்பவர் உறவை ஐயுற இடமில்லை. டீக்கன் சிக் குழுவின் பதிவுக்கூடத்துக்கு வந்து அவர்களோடு பொழுது கழித்ததன் விளைவே குயின் பாடல் என எட்வர்ட்ஸ் ஆங்கில இசை இதழ் ஒன்றுக்கு அளித்த நேர்காணலில் கூறியுள்ளார்.

ஒற்றுமையைப் போலவே வேற்றுமையும் தெளிவானது. எட்வர்ட்ஸின் வரி மூன்று ஒலிகளுக்குப் பின் விரைவான ஓட்டமெடுத்து மேலேறுகிறது. அடுத்த சுரக்கூட்டுக்குள் நுழைந்து அங்கும் துள்ளி விளையாடுகிறது. அது நீண்ட, நெகிழ்ந்த, உரையாடல் போன்ற வரி. டீக்கனின் வரியோ பாதி நீளத்தில் முடிந்து மீண்டும் தொடங்குகிறது. ஓட்டத்தின் இடத்தில் ஒரு தட்டையான அழுத்தம் நிற்கிறது. சிக் பாடலில் ராட்ஜர்ஸின் கிதாரும் வயலின்களும் இடைவெளிகளை ஒளியால் நிரப்புகின்றன. குயின் பாடலில் அவை இருளாகவே விடப்படுகின்றன.

தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல் எனவும் வழி எனவும் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காகக் காட்டுகிறது. நன்னூல் இவற்றோடு சார்புநூலையும் சேர்க்கிறது. முன்னோரின் முடிபை ஏற்று, பின்னோன் வேண்டும் வேறுபாட்டையும் கொண்டு அமைவது வழிநூல் என்பது நன்னூலார் தரும் விளக்கம். இவை நூல்களுக்கு, அதாவது அறிவுத்துறைப் பனுவல்களுக்கு உரிய இலக்கணங்கள். பாட்டுக்கு நேரே பொருத்த இயலாதவை. எனினும் கடன்பெற்ற ஆக்கத்தை இழிவாகவோ முழுப்புதுமையாகவோ கருதாமல் மூன்றாவது ஒரு நிலையில் வைத்து எண்ண இவை நமக்குச் சொற்களைத் தருகின்றன. அந்நிலையில், டீக்கனின் வரியைத் தொகுத்தல் என்னும் வகைக்கு ஒப்பிடலாம். எட்வர்ட்ஸ் விரித்துச் சொன்னதை அவர் சுருக்கினார்; சுருக்கியதன்வழி பொருளை மகிழ்ச்சியிலிருந்து அச்சத்துக்கு மாற்றினார்.

தலைகீழான வரலாறு

சிக்கல் பாடலில் இல்லை. அதன் வரவேற்பில் உள்ளது. தங்கள் இசையைக் குயின் பயன்படுத்தியதில் எட்வர்ட்ஸுக்கு மனக்குறை இல்லை என்பது அதே நேர்காணலிலிருந்து அறியப்படுகிறது. அவரை வருத்தியது வேறொன்று. குயினிடமிருந்து சிக் எடுத்துக்கொண்டதாக இதழ்கள் எழுதத் தொடங்கின. 'குட் டைம்ஸ்' ஓராண்டுக்கு மேல் முந்தியது. வெளியீட்டு நாளைப் பார்த்தாலே தீர்ந்துவிடும் ஐயம் அது. ஆயினும் கறுப்பினக் கலைஞர்கள் புதிது படைப்பார்கள் என்பதை எண்ணிப்பார்க்கவே எழுதியோரால் இயலவில்லை என்பது எட்வர்ட்ஸின் கருத்து.

இக்கருத்து தனிமனிதரின் ஆதங்கம் மட்டும் அன்று என்பதற்குக் காலச்சூழல் சான்றாகிறது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கோமிஸ்கி பார்க் அரங்கில், இரு பேஸ்பால் ஆட்டங்களுக்கு இடையே டிஸ்கோ இசைத்தட்டுகளை வெடிவைத்துத் தகர்க்கும் நிகழ்ச்சி நடைபெற்றது. கூட்டம் ஆடுகளத்துக்குள் புகுந்ததால் இரண்டாம் ஆட்டம் கைவிடப்பட்டது. டிஸ்கோ கறுப்பினத்தார், இலத்தீன் அமெரிக்க வழியினர், தற்பாலீர்ப்பினர் ஆகியோரின் நடன அரங்குகளில் வளர்ந்த இசை என்பதனால், அந்த வெறுப்பில் இசைச்சுவைக்கு அப்பாற்பட்ட கூறும் இருந்ததாகப் பின்வந்த ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். 'குட் டைம்ஸ்' முதலிடத்தை அடைந்தது அதன் அடுத்த மாதம். ஒரு வாரத்தில் அவ்விடத்தை ராக் பாடல் ஒன்று கைப்பற்றியது. அதன் பின் சிக் குழு தன் பெயரில் வெளியிட்ட எந்தப் பாடலும் அமெரிக்கப் பட்டியலின் முதல் 40 இடங்களுக்குள் வரவில்லை.

ஓராண்டுக்குப் பின் அதே அடிப்படையில் எழுந்த குயின் பாடல் மூன்று வாரங்கள் முதலிடத்தில் நின்றது. ஒரே கூறு டிஸ்கோ என்னும் பெயரில் வந்தபோது இகழப்பட்டது. ராக் குழுவின் பெயரில் வந்தபோது புதுமையெனப் பாராட்டப்பட்டது. இதற்குக் குயின் குழுவைப் பொறுப்பாக்குவது நேர்மையாகாது. பொறுப்பு, கேட்பதற்கு முன்பே தீர்ப்பை எழுதிவைத்த திறனாய்வைச் சேரும்.

அக்காலத்தில் இதனைச் செவ்வையாகக் கேட்டவர் எழுத்தாளர் அல்லர். இசைத்தட்டுக் கலைஞர் ஒருவர். கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் 1981இல் வெளியிட்ட 'த அட்வென்ச்சர்ஸ் ஆஃப் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் ஆன் த வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்' முழுவதும் பிறருடைய இசைத்தட்டுகளைச் சுழலிகளில் இணைத்து உருவாக்கப்பட்டது. அதில் 'குட் டைம்ஸ்' வருகிறது. 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' பாடலும் வருகிறது. இரண்டும் ஒரே ஓட்டத்தில், ஒன்றோடொன்று பிணைந்து ஒலிக்கின்றன. எது முந்தியது என்னும் வழக்கை ஃப்ளாஷ் சொல்லால் நடத்தவில்லை. இரண்டும் ஒரு குடும்பத்தவை என்பதைக் கேட்கச் செய்தார். ஒப்பீட்டுத் திறனாய்வின் பணியும் இதுவே அன்றோ?

பாயிரத்தில் விடுபட்ட வழி

சிறப்புப் பாயிரம் கூற வேண்டிய எட்டுச் செய்திகளை நன்னூல் வரிசைப்படுத்துகிறது. ஆக்கியோன் பெயருக்கு அடுத்து, எல்லைக்கும் நூற்பெயருக்கும் முன்னரே, 'வழி' இடம்பெறுகிறது. நூல் எந்த மரபிலிருந்து வருகிறது என்பதைக் கற்போர் தொடக்கத்திலேயே அறிய வேண்டும் என்பது அதன் கருத்து. வழி கூறுவதால் ஆக்கியோனின் பெருமை குறைவதாக நம் மரபு கருதவில்லை. அது நூலின் தகுதிக்குச் சான்றாகவே கொள்ளப்பட்டது.

இசைத்தட்டின் உறையும் முகப்புத்தாளும் ஒருவகையில் பாடலின் பாயிரமே. அங்கு ஆக்கியோன் பெயர் உண்டு, பாடலின் பெயர் உண்டு, வழிக்கு இடமில்லை. குயின் பாடலின் ஆக்கியோனாக டீக்கன் ஒருவரே குறிக்கப்பட்டுள்ளார். சட்டத்தின் நோக்கில் இது தவறன்று. மேலை நாடுகளின் பதிப்புரிமை நடைமுறை அன்று மெட்டையும் சொல்லையுமே பெரிதும் காத்தது. தாளத்தின் போக்கையும் ஒலியின் தன்மையையும் பொதுவுடைமையாகவே கருதியது. ஆனால் ஃபங்க் இசையில் ஆக்கத்திறன் மெட்டைவிடத் தாளப்போக்கிலேயே செறிந்துள்ளது. எனவே மெட்டை மையமாகக் கொண்ட மரபினர் பாதுகாப்புப் பெற்றனர். தாளத்தை மையமாகக் கொண்டவர்களின் உழைப்பு பெயரின்றிப் பயணம் செய்தது.

இதற்கு மாறான முன்னிகழ்வு ஒன்றும் அக்காலத்திலேயே உண்டு. 1979இல் சுகர்ஹில் கேங் குழு வெளியிட்ட 'ராப்பர்ஸ் டிலைட்' பாடல் 'குட் டைம்ஸ்' இசையை ஏறக்குறைய அப்படியே வாசித்து அதன்மேல் அமைந்தது. ராட்ஜர்ஸும் எட்வர்ட்ஸும் சட்ட நடவடிக்கைக்கு முற்பட்டதன்பின் அவர்கள் பெயர் ஆக்கியோர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அப்பாடல் முதலை ஏறத்தாழ மாற்றமின்றிக் கொண்டது. குயின் பாடல் சுருக்கி மாற்றியது. ஆகவே இரண்டுக்கும் ஒரே தீர்வைக் கேட்க இயலாது. பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டிய கடன் வேறு. வரலாற்றில் பெயர் சொல்ல வேண்டிய கடன் வேறு. முதலாவது வழக்கறிஞருக்கு உரியது. இரண்டாவது திறனாய்வாளருக்கு உரியது.

மறுப்பும் விடையும்

இங்கு மறுப்பொன்று எழலாம். எட்வர்ட்ஸின் வரியும் வெற்றிடத்திலிருந்து தோன்றியதன்று. அதற்கு முன்னும் ஜேம்ஸ் பிரௌன் குழுவினர், மோட்டவுன் நிறுவனத்தின் ஜேம்ஸ் ஜேமர்சன் எனப் பெரும் மரபு இருந்தது. அவ்வாறாயின் 'குட் டைம்ஸ்' பாடலை முதல் எனக் கொள்வது எப்படி?

இம்மறுப்பு ஏற்கத்தக்கதே. முதல் என்பது இங்கு ஒப்பீட்டுச் சொல். இறுதித் தோற்றுவாயைக் குறிப்பதன்று. ஆயினும் கடனை மறைக்காத முன்மாதிரியைச் சிக் குழுவே தருகிறது. இலண்டனில் ராக்சி மியூசிக் என்னும் ஆங்கிலக் குழுவின் நிகழ்ச்சியைக் கண்டதே சிக் குழுவின் நாகரிகமான தோற்றத்துக்கு ஊக்கமளித்தது என ராட்ஜர்ஸ் வெளிப்படையாகக் கூறிவந்துள்ளார். ஆங்கிலக் குழுவிடமிருந்து கறுப்பினக் கலைஞர் பெற்றதும், கறுப்பினக் கலைஞரிடமிருந்து ஆங்கிலக் குழு பெற்றதும் ஒரே கடலின் இருவழிப் போக்குவரத்து. ஒரு திசையில் வழி சொல்லப்பட்டது. மறுதிசையில் இதழ்கள் அதனைத் திரித்தன.

எதிர்முனையிலிருந்து மற்றொரு மறுப்பும் வரலாம். தாளப்போக்குக்கும் உரிமை கோரலாமென்றால் எவரும் எதையும் இயற்ற இயலாது போகுமே என்பது அது. 2015இல் அமெரிக்காவில் 'பிளர்ட் லைன்ஸ்' பாடல் வழக்கில், மார்வின் கே 1977இல் வெளியிட்ட பாடலுக்குப் பதிப்புரிமை மீறல் நேர்ந்ததாக நடுவர் குழு தீர்ப்பளித்தபோது இசையமைப்பாளர் பலர் இவ்வச்சத்தையே தெரிவித்தனர். அவ்வச்சம் நியாயமானது. இதனாலேயே தீர்வை நீதிமன்றத்தில் தேடாமல், வழி கூறும் பண்பாட்டில் தேட வேண்டும் என இக்கட்டுரை கருதுகிறது. பெயர் சொல்வதற்குப் பொருட்செலவில்லை. அதனால் எந்தப் பாடலும் தடைப்படுவதுமில்லை.

நிறைவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு:

1. 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' பாடலின் ஆற்றல் பேஸ் கிதார் வரியில் ஒலிப்பவற்றைப் போலவே ஒலிக்காதவற்றாலும் உருவாகிறது. அடக்கப்பட்ட முரசு, நாடாச் சுற்று, நடுப்பகுதியில் வரி விலக்கப்படுதல் ஆகியன அந்த மௌனத்தைக் காக்கும் உத்திகள்.

2. இவ்வடிப்படை சிக் குழுவின் 'குட் டைம்ஸ்' பாடலிலிருந்து பெறப்பட்டது. பெற்றதைச் சுருக்கி, நடனத்தின் மகிழ்ச்சியிலிருந்து தனித்த தெருவின் அச்சத்துக்கு மாற்றியது டீக்கனின் ஆக்கம்.

3. பாடல் கடன்பட்டது குறையன்று. கடனின் திசையை மாற்றி எழுதிய திறனாய்வே குறையுடையது. அக்குறையின் வேர் இனம் சார்ந்த முற்கற்பிதத்தில் உள்ளது.

4. முதல், வழி என்னும் பாகுபாடும் பாயிர நெறியும் இத்தகைய ஆக்கங்களை மதிப்பிடச் சமநிலையான கருவிகளாக அமைகின்றன. பிற வெகுசன இசைவகைகளுக்கும் இவற்றை விரித்து ஆராயலாம்.

எட்வர்ட்ஸ் 1996இல் டோக்கியோவில் நிகழ்ச்சியொன்றுக்காகச் சென்றிருந்தபோது காலமானார். டீக்கன் தொண்ணூறுகளின் இறுதியில் இசைவாழ்விலிருந்து ஒதுங்கினார். இருவரும் முன்வரிசையில் நின்று பாடாதவர்கள். அடித்தளத்தில் நின்று குழுவைத் தாங்கியவர்கள். அவர்கள் இருவரும் சில மணிநேரம் ஒரே பதிவுக்கூடத்தில் இருந்ததன் விளைவை உலகம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவருகிறது. அம்மூன்று ஒலிகளை அடுத்த முறை கேட்பவர், அவற்றின்பின் வரும் மௌனத்தில் இரண்டு பெயர்களையும் நினைவுகூர்வாராயின் இப்பாடலின் பாயிரம் நிறைவுபெறும்.